லினக்ஸில் திரை இழுத்து இழுத்து நகர்கிறதா? அறிகுறியைப் பார்த்து கிராபிக்ஸ் டிரைவரைச் சரிசெய்வது

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டுக்கொடுப்பவர்களிடம் அதிகம் வரும் புகார் இதுதான்: "விண்டோவை நகர்த்தினா இழுக்குது, வீடியோ திக்குது." அடுத்த கேள்வியும் கூடவே வரும்: "ஃபார்மட் போட்டுடலாமா?"

வேண்டாம். லினக்ஸில் கிராபிக்ஸ் மெதுவாவதற்கான காரணங்களில் பல, மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் அப்படியே திரும்பி வரும். இரண்டு மணி நேரம் போகும், கூடவே கோப்புகளும் போகலாம், திரை மட்டும் அதே மாதிரி இழுக்கும். எந்த அறிகுறி என்று பார்த்து அதற்குரிய இடத்தில் கைவைப்பதுதான் குறுக்கு வழி.

கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றையும் மனதில் வைத்து எழுதியது இது. மற்ற விநியோகங்களில் தொகுப்பின் பெயர் மாறலாம், தர்க்கம் மாறாது.

முதல் கேள்வி: படத்தை யார் வரைகிறார்கள்?

ஒரு விண்டோ திரையில் தெரிய வேண்டுமென்றால் நடுவில் இரண்டு அடுக்குகள் வேலை செய்ய வேண்டும். ஒன்று மேசா: செயலிகள் கேட்கும் படத்தை ஜிபியுவுக்கான (கிராபிக்ஸ் சில்லுக்கான) கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். பிரையன் பால் 1993-ல் தொடங்கிய திட்டம், இன்று இன்டெல், ஏஎம்டி ஜிபியுக்களுக்கு லினக்ஸில் இதுதான் ஆதாரம். இன்னொன்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்: இன்டெலுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு அல்லது பழைய ரேடியான், என்விடியாவுக்கு நூவோ என்ற திறந்த மூல டிரைவர் அல்லது அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவர். இந்தச் சங்கிலி எங்காவது அறுந்தால் பெரும்பாலும் திரை கறுத்துப்போவதில்லை. மேசா தன்னிடமுள்ள எல்எல்விஎம்பைப் என்ற மாற்று ஏற்பாட்டுக்கு மாறி, எல்லாவற்றையும் சிபியுவை வைத்தே வரைந்துவிடும். படம் சரியாகத்தான் வரும், வேகம் மட்டும் இருக்காது. பழுது இருப்பதே தெரியாமல் "பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும்" என்று பலர் மாதக்கணக்கில் ஓட்டுவது இதனால்தான்.

பார்ப்பது சுலபம். மேசா-யூட்டில்ஸ் தொகுப்பைப் போட்டுக்கொண்டு, டெர்மினலில் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் பெரிய எழுத்து பி-யும் (B) சேர்த்துக் கொடுங்கள். வரும் பதிலில் 'ஓப்பன்ஜிஎல் ரெண்டரர்' என்ற வரியைப் பாருங்கள். டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு, க்னோம் டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ் போய் 'அபௌட்' பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்திலும் இதே தகவல் இருக்கும்.

அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் ஜிபியு தூங்குகிறது, சிபியுதான் வரைகிறது. இன்டெல், ரேடியான் அல்லது என்விடியா ஜீஃபோர்ஸ் பெயர் இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது, பிரச்சினை வேறு இடத்தில். என்வி என்று தொடங்கி இரண்டு மூன்று எழுத்து எண்களோடு ஒரு சிப்பின் குறியீடு மட்டும் தெரிந்தால் அது நூவோ. கெர்னல் எந்த டிரைவரைப் பிடித்திருக்கிறது என்பதையும் உறுதிசெய்ய 'எல்எஸ்பிசிஐ' கட்டளையோடு சிறுகோடு கே சேர்த்து, விஜிஏ அல்லது 3டி என்று வரும் பகுதிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரியைப் படியுங்கள். அந்த வரியே இல்லையென்றால் டிரைவர் ஏறவேயில்லை.

வினாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று காட்டும் ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற சோதனை நிரலை ஓடவிட்டு, "60-தான் வருது, கார்டு போச்சு" என்று முடிவுக்கு வராதீர்கள். அது திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு பூட்டிக்கொண்டு ஓடுகிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 வருவதுதான் சரி.

அறிகுறி: எல்லாமே மெதுவாக, ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது, ரெண்டரர் எல்எல்விஎம்பைப்

நான் முதலில் சந்தேகப்படுவது 'நோமோட்செட்' என்ற ஒற்றைச் சொல்லை. இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுத்துவிட்டால், மெனுவில் 'சேஃப் கிராபிக்ஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அமுக்கினால் கெர்னலுக்கு இந்தச் சொல் போகும். திரையமைப்பைக் கெர்னல் டிரைவர் கையிலெடுக்காமல் விட்டுவிடும். இன்ஸ்டால் செய்வதற்கு அது நல்ல வழிதான். ஆனால் பல நேரம் அந்தச் சொல் நிரந்தர அமைப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. ஃபார்மட் போட்டவர் மறுபடி அதே சேஃப் கிராபிக்ஸில் இன்ஸ்டால் செய்வார், மறுபடி அதே வியாதி.

'கேட்' கட்டளையால் ப்ராக் அடைவிலுள்ள சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து பாருங்கள். நோமோட்செட் இருந்தால், எட்சி அடைவில் டிஃபால்ட் என்ற அடைவுக்குள் இருக்கும் க்ரப் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) கோப்பை நிர்வாகி உரிமையோடு திறந்து, லினக்ஸ் டிஃபால்ட் என்று பெயர் முடியும் வரியிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். 'க்வயட் ஸ்ப்ளாஷ்' இருந்தால் இருக்கட்டும். சேமித்து, 'அப்டேட்-க்ரப்' கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

திரும்பி வரும்போது திரை கறுத்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. க்ரப் மெனுவை வரவழைத்து (பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட், யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்), ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து எஃப்10 அமுக்கினால் அந்த ஒரு முறை பழையபடி திறக்கும். பிறகு உண்மைக் காரணத்தைத் தேடலாம். ஏஎம்டி கார்டாக இருந்தால் பெரும்பாலும் அது ஃபர்ம்வேர் (கார்டு இயங்க அதற்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) பற்றாக்குறை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசெக்' (dmesg) கட்டளையின் வெளிப்பாட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ஏற்ற முடியவில்லை என்ற வரி இருந்தால் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பிக்க வேண்டும். டெபியனில் அதன் பெயர் வேறு: ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ். 2023-ல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரே ஃபர்ம்வேரைச் சேர்த்துக் கொடுக்கிறது. அதற்கு முந்தைய பென்டிரைவ் யாராவது கொடுத்தால் வாங்காமல் இருப்பது நல்லது.

இன்னும் இரண்டு சந்தர்ப்பங்களில் எல்எல்விஎம்பைப் வருவது பழுதே இல்லை. எக்ஸ்ஆர்டிபி மாதிரி தொலைத் திரையில் உள்ளே வந்திருந்தால் பெரும்பாலும் சிபியுதான் வரையும். வர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) லினக்ஸ் ஓடினால், அந்த மெஷினின் டிஸ்ப்ளே அமைப்பில் 3டி ஆக்ஸிலரேஷனை டிக் செய்து, உள்ளே கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டால் நிலைமை மாறும்.

அறிகுறி: நேற்று வரை நன்றாக இருந்தது, அப்டேட் போட்டதும் இழுக்கிறது

இது பெரும்பாலும் என்விடியாவின் சொந்த டிரைவர் போட்டவர்களுக்கு வருவது. அந்த டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. பல அமைப்புகளில் புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி அதற்கேற்ப டிரைவரை மறுபடி கட்டித் தருகிறது. கட்ட முடியாவிட்டால் டிரைவர் இல்லை. நூவோவையும் ஏற்கெனவே தடைசெய்து வைத்திருப்பார்கள். மிச்சம் எல்எல்விஎம்பைப் மட்டும்.

'என்விடியா-எஸ்எம்ஐ' அடித்துப் பாருங்கள். அட்டவணை வந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது. டிரைவர் பதிப்பும் லைப்ரரி பதிப்பும் பொருந்தவில்லை என்ற செய்தி வந்தால், அப்டேட் பாதியில் இருக்கிறது என்று பொருள். ரீஸ்டார்ட் போதும், வேறு எதையும் தொடாதீர்கள். டிரைவரோடு பேச முடியவில்லை என்று வந்தால்தான் வேலை. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்து, இப்போது ஓடும் கெர்னலுக்கு எதிரே 'இன்ஸ்டால்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். ஓடும் கெர்னலின் பதிப்பை 'யூநேம்' சிறுகோடு ஆர் சொல்லும். இல்லையென்றால் அந்தக் கெர்னலுக்கான லினக்ஸ்-ஹெட்டர்ஸ் தொகுப்பு விடுபட்டிருக்கும். அதைப் போட்டு, டிரைவர் தொகுப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்.

டிரைவர் கட்டப்பட்டிருந்தும் ஏறவில்லையா? கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் காரணமாக இருக்கலாம். 'மொக்யூட்டில்' கட்டளையோடு இரண்டு சிறுகோடுகள், எஸ்பி-ஸ்டேட் என்று கொடுத்தால் அது இயங்குகிறதா என்று தெரியும். இயங்கும்போது, கையொப்பச் சாவி பதிவாகாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. டிரைவர் போடும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீல நிறத் திரை ஒன்று வந்து, ஏதாவது விசையை அழுத்தச் சொல்லிச் சில வினாடிகள் மட்டும் காத்திருக்கும். காட்பாடி, சத்துவாச்சாரி விடுதிகளிலிருந்து வரும் மாணவர்களின் கேமிங் மடிக்கணினிகளில் நடப்பது இதுதான்: ரீஸ்டார்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள், நீலத் திரை வந்து போய்விடுகிறது. திரைமுன் உட்கார்ந்து, 'என்ரோல் மொக்' தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் சரியாகிவிடும். செக்யூர் பூட்டையே அணைப்பதும் வழிதான். ஆனால் விண்டோஸும் பக்கத்தில் இருந்து அதில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருந்தால், அது மீட்புச் சாவி கேட்டு நிற்கக்கூடும். சாவி கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கார்டுக்கும் டிரைவர் வரிசைக்கும் பொருத்தம் பார்ப்பதும் முக்கியம். ஃபெர்மி, கெப்ளர், டூரிங் என்பவை என்விடியா கார்டுகளின் தலைமுறைப் பெயர்கள். ஃபெர்மி காலக் கார்டுகளுக்கு 390 வரிசை, கெப்ளருக்கு 470 வரிசை. அதற்கு மேல் போகாது. நிறுவனம் 2022-ல் வெளியிட்ட திறந்த மூலக் கெர்னல் டிரைவர் டூரிங் முதல் மட்டும், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளிலிருந்து. பெயரில் 'ஓப்பன்' என்று இருக்கிறதே, நல்லதாக இருக்கும் என்று ஜிடிஎக்ஸ் 1050-க்கு அதைப் போட்டால் கார்டைக் கண்டுகொள்ளாது. 'உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்' கட்டளை எது பொருத்தம் என்று சொல்லும். மின்டில் டிரைவர் மேனேஜர் அதையே செய்யும். இணையதளத்திலிருந்து நேரடியாக இறக்கும் ரன் கோப்பை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இன்று ஓடும், பிறகு ஒரு கெர்னல் அப்டேட்டில் உடையும், தொகுப்பு மேலாளருக்கும் அது இருப்பது தெரியாது.

அறிகுறி: டெஸ்க்டாப் பரவாயில்லை, விளையாட்டும் 3டியும் நகரவில்லை

ரெண்டரர் வரியில் நூவோவா? ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டுகளில் கடிகார வேகத்தை உயர்த்த என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் தேவை. நூவோவுக்கு அது கிடைக்கவில்லை. அதனால் கார்டு தொடங்கும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே நிற்கும். எந்த அமைப்பை மாற்றினாலும் இது மாறாது. நிறுவனத்தின் டிரைவருக்குப் போவதுதான் வழி. டூரிங் முதல் வந்த கார்டுகளில், கார்டிலுள்ள ஜிஎஸ்பி என்ற சிறு செயலகத்தின் ஃபர்ம்வேர் வழியாக இந்தத் தடை நீங்கியிருக்கிறது.

இரண்டு ஜிபியு உள்ள மடிக்கணினியா? ரெண்டரரில் இன்டெல் பெயர் வருவது அங்கே இயல்பு. மின்சாரம் மிச்சப்படுத்த டெஸ்க்டாப்பைச் சின்ன ஜிபியு ஓட்டுகிறது, பெரியதை நீங்கள்தான் கூப்பிட வேண்டும். க்னோமில் செயலியின் படத்தின்மேல் வலது கிளிக் செய்து தனி கிராபிக்ஸ் கார்டில் திறக்கும் தேர்வைப் பயன்படுத்துங்கள். மேசா டிரைவர்களுக்கு, கட்டளைக்கு முன்னால் டிஆர்ஐ அடிக்கோடு ப்ரைம் சமம் 1 என்று பெரிய எழுத்தில் போடலாம். ஹெச்டிஎம்ஐயில் இணைத்த வெளி மானிட்டரில் மட்டும் இழுத்தால், அந்தத் துளை நேராகப் பெரிய ஜிபியுவோடு இணைந்திருக்கும். ஒன்று வரைந்ததை இன்னொன்றுக்கு நகலெடுத்து அனுப்பும் சுமை அது. எக்ஸ்11-ல் (விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பு, புதியது வேலாண்ட்) 'ப்ரைம்-செலக்ட் என்விடியா' போட்டு மறுபடி உள்ளே வந்தால் சீராகும். பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வீடியோ மட்டும் திக்குகிறது

இங்கே வரைவது வேலையில்லை, சுருக்கி வைத்த வீடியோவைப் பிரிப்பது வேலை. ஜிபியுவுக்குள் அதற்கென்று தனிப் பகுதி உண்டு. லினக்ஸில் இன்டெல், ஏஎம்டி கார்டுகளில் அதை அணுகும் வழி விஏ-ஏபிஐ. 'விஏஇன்ஃபோ' கட்டளை எந்தெந்த வகைகளைப் பிரிக்கும் என்று பட்டியல் தரும். பட்டியலே வரவில்லையென்றால் தொகுப்பு இல்லை: இன்டெல் ஐந்தாம் தலைமுறை முதல் இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர், அதற்கு முந்தையவற்றுக்கு ஐ965-விஏ-டிரைவர்.

பட்டியல் வந்தும் யூடியூப் திக்கினால், அது அனுப்பும் வகைக்கும் உங்கள் சிப்புக்கும் பொருத்தமில்லை. யூடியூப் விபி9, ஏவி1 வகைகளை விரும்பி அனுப்புகிறது. இன்டெலில் விபி9-ஐ முழுமையாகப் பிரிப்பது ஏழாம் தலைமுறையிலிருந்து, ஏவி1 பதினொன்றாம் தலைமுறையிலிருந்து. தமிழக அரசு 2011-ல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பழையவற்றுக்கு, யூடியூப் அனுப்பும் வகைகளில் எச்264 மட்டும்தான் தெரியும். உலாவியில் எச்264ஐஃபை என்ற நீட்சியைப் போட்டால் யூடியூப் அந்த வகையையே அனுப்பும். 1080-க்கு மேல் தரம் கிடைக்காது. அந்தத் திரைகளுக்கு 720-ஏ போதும். நீட் பாடங்களை வீடியோவில் பார்க்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் புதுக் கணினி வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

ஃபயர்பாக்ஸ் 115 முதல் இன்டெல் ஜிபியுவில் இந்த வசதி இயல்பாகவே இயங்குகிறது. முகவரிப் பட்டையில் அபௌட் முக்காற்புள்ளி சப்போர்ட் என்று கொடுத்து, எந்த வகைக்கு வன்பொருள் உதவி இருக்கிறது என்று பார்க்கலாம்.

அறிகுறி: ஒரு செயலியில் மட்டும் மந்தம்

ஃபிளாட்பேக்கில் (செயலியைத் தேவையானவற்றோடு சேர்த்துத் தனியாகத் தரும் முறை) போட்ட செயலியா? என்விடியா இருந்தால், ஃபிளாட்பேக் தனக்கென்று தனி டிரைவர் நகல் வைத்துக்கொள்ளும். வெளியே டிரைவர் மாறி உள்ளே மாறாவிட்டால் அந்தச் செயலி மட்டும் சிபியுவுக்குப் போய்விடும். 'ஃபிளாட்பேக் அப்டேட்' கொடுத்தால் தீரும்.

டிடிபி கடைகளில் இங்க்ஸ்கேப் என்ற வடிவமைப்புச் செயலி மந்தம் என்பது தனிக் கதை. குடியாத்தம், ஆற்காடு பக்கம் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் செய்பவர்கள் நிறைய நிழலும் மங்கலும் போடுவார்கள். இங்க்ஸ்கேப் தன் வரைபடப் பரப்பைப் பெரும்பாலும் சிபியுவில்தான் வரைகிறது. அதனால் டிரைவரை மாற்றியும், கார்டு வாங்கியும் பலனில்லை. வேலை செய்யும்போது 'வியூ' மெனுவில் டிஸ்ப்ளே மோடை 'நோ ஃபில்டர்ஸ்' ஆக்கிவிட்டு, கடைசியில் சரிபார்க்கும்போது நார்மலுக்கு வாருங்கள். கடையில் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தை ரேமுக்குப் போடுங்கள்.

அறிகுறி: மவுஸே திக்கித் திக்கி நகர்கிறது

4கே டிவியைப் பழைய ஹெச்டிஎம்ஐ துளையில் இணைத்திருந்தால், டிஸ்ப்ளே அமைப்பில் புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ 1.4-ல் 4கே 30 ஹெர்ட்ஸ்தான். 1080-க்கு இறக்கி 60 ஆக்குங்கள், அவ்வளவுதான். எக்ஸ்11-ல் 125 சதவீத அளவு வைத்திருந்தாலும் இதே உணர்வு வரும், ஏனென்றால் திரையைப் பெரிதாக வரைந்து பிறகு சுருக்குகிறது. 100-க்கு வந்து எழுத்தின் அளவை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: போட்டதும் நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறது

எங்கள் ஊரில் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டிய மாதங்கள் உண்டு. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஓட்டுக் கூரைக்குக் கீழே இருக்கும் கடையில், மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்த சிபியு பெட்டிக்குள் போகும் காற்றே சூடு. சிபியுவும் ஜிபியுவும் ஒரே சில்லில் இருக்கும் கணினிகளில் இரண்டும் ஒரே வெப்ப வரம்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வரம்பைத் தொட்டதும் இரண்டும் வேகத்தைக் குறைக்கும். டிரைவர் மீது பழி விழும்.

எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பைப் போட்டு, 'வாட்ச் சென்சார்ஸ்' என்று ஒரு டெர்மினலில் ஓடவிட்டு, பக்கத்தில் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். 90-ஐத் தாண்டிப் போய் அங்கேயே நின்றால் சந்தேகம் வேண்டாம். டிமெசெக்கில் த்ராட்டில் என்ற சொல்லும் கிடைக்கும். தூசியை ஊதி, ஹீட்சிங்க் பேஸ்டை மாற்றி, பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

வெப்பம் குறைவாக இருந்தும் மடிக்கணினி மந்தமாக இருந்தால் சார்ஜரைப் பாருங்கள். சில மடிக்கணினிகள் தனக்குரிய சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் சிபியு வேகத்தைக் கீழேயே வைத்திருக்கும். டூப்ளிகேட் சார்ஜரில் ஒருமுறை, கழற்றிவிட்டு பேட்டரியில் ஒருமுறை ஓட்டி ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். பவர் ப்ரொஃபைல் 'பவர் சேவர்' நிலையில் இல்லையா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: நிறைய டேப் திறந்தால்தான் இழுக்கிறது

தனிக் கார்டு இல்லாத கணினியில் ஜிபியுவின் நினைவகமும் ரேமிலிருந்துதான் வருகிறது. 'ஃப்ரீ' சிறுகோடு எச் கொடுத்து, ஸ்வாப் (ரேம் நிரம்பினால் பயன்படும் டிஸ்க் பகுதி) வரியில் பயன்பாடு ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் அது கிராபிக்ஸ் பிரச்சினை இல்லை, ரேம் போதவில்லை. சேர்க்கும்போது ஒரே 8 ஜிபி குச்சியைவிட இரண்டு 4 ஜிபி குச்சிகள், உள்ளிணைந்த ஜிபியுவுக்கு நல்லது. இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் படிக்க முடியும். போர்டில் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலில் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் சரியாக ஓடினால் புதுக் கெர்னலில்தான் கோளாறு. திருத்தம் வரும்வரை பழையதிலேயே இருக்கலாம். அடுத்து, வேறு விநியோகத்தின் புதிய பதிப்பை பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே ஓடவிட்டுப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் வன்பொருள் பக்கம் பார்க்க வேண்டும். அங்கே நன்றாக ஓடினால் அமைப்பில் ஏதோ இருக்கிறது.

யாரிடமாவது உதவி கேட்கப் போனால் ஐந்து விஷயங்களை எடுத்துப் போங்கள்: ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவின் ரெண்டரர் வரி, எல்எஸ்பிசிஐ சொன்ன டிரைவர் பெயர், கெர்னல் பதிப்பு, வேலாண்ட்-ஆ எக்ஸ்11-ஆ என்ற தகவல், டிமெசெக்கில் சிவப்பாக வந்த வரிகள். புகைப்படமாக வேண்டாம், ஒரு கோப்பில் நகலெடுத்து வையுங்கள். பிழைச் செய்தியில் ஓர் எழுத்து மாறினாலும் தேடிப் பிடிக்க முடியாது.